மேக்னட் சீட்டு வந்துவிட்டது, போகத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலம் மான்ட்கோமரி கவுன்டியில் கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்புக்கு ஜெர்மன்டவுனில் உள்ள ராபர்ட்டோ கிளெமென்டே மிடில் ஸ்கூலின் (ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை) கணக்கு, அறிவியல், கம்ப்யூட்டர் மேக்னட்டில், அதாவது வெளிப் பகுதிப் பிள்ளைகளும் சேரும் சிறப்புப் பாடத்திட்டத்தில், லாட்டரி மூலம் இடம் வந்திருக்கிறது. பதில் சொல்ல இரண்டு வாரம்தான் இருக்கிறது. எங்கள் பகுதி மிடில் ஸ்கூல் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கிண்டர்கார்டனிலிருந்து கூடப் படித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அவளுடைய உயிர்த்தோழிக்கு லாட்டரியில் வரவில்லை. மகள் காம்பாக்டட் மேத் என்ற வேகமான கணக்கு வகுப்பில் இருக்கிறாள். கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு டெஸ்க்குக்கு அடியில் கதைப் புத்தகம் வைத்துப் படிக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். வீட்டில் எந்நேரமும் காமிக்ஸ் வரைவாள். எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்டால் "எதுனாலும் சரிம்மா" என்கிறாள். எனக்கு ஆஸ்பத்திரி லேபில் காலை ஏழு மணி ஷிஃப்ட். மகன் இந்த வருஷம் கிண்டர்கார்டன் சேர்கிறான். மேக்னட் பஸ் எங்கள் தெருவுக்கு வராது, காரில் கொண்டுபோய் ஒரு பொது நிறுத்தத்தில் விடவேண்டும். "கிடைச்சதை விடக்கூடாது, பிடிக்கலேன்னா திரும்பி வந்துடலாம்" என்கிறார் கணவர். திருச்சியிலிருந்து மாமியார், "சீட்டு கிடைச்சப்புறம் யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா?" என்கிறார். அனுப்பாவிட்டால் பின்னால் அவளே என்னைக் கேட்பாளோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் சூடு கிளப்பியிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. திருச்சியில் உட்கார்ந்து பார்த்தால் அது நியாயமான கேள்வி. நம் ஊரில் சீட்டு என்றால் மார்க், கட்-ஆஃப், ரேங்க், கவுன்சலிங் வரிசை. கிண்டியில் இடம் கிடைத்தபின் வேண்டாம் என்று சொன்ன ஆளை நாம் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு வந்திருப்பது அந்த வகைச் சீட்டு அல்ல. மான்ட்கோமரி கவுன்டியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் பள்ளி நிர்வாகமே பரிசீலிக்கிறது. ரிப்போர்ட் கார்டு, பள்ளியில் எல்லோருக்கும் வைக்கும் மேப் என்ற பொதுத் திறன் டெஸ்ட்டின் மதிப்பெண் போன்றவற்றைப் பார்த்துத் தகுதியானவர்களை ஒரு தொகுப்பில் சேர்க்கிறார்கள். அந்தத் தொகுப்பிலிருந்து குலுக்கல். கொரோனா காலத்தில், 2020-21 கல்வியாண்டில், வந்த முறை இது. ஆக, தொகுப்புக்குள் வந்தது உங்கள் மகளின் திறமை. அதற்குப் பிறகு நடந்தது வெறும் அதிர்ஷ்டம்.

இதை மகளிடமும் அவள் தோழியிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தோழியின் மேப் மதிப்பெண் உங்கள் மகளுடையதைவிட அதிகமாகக்கூட இருந்திருக்கலாம். பதினொரு வயதுக் குழந்தைகள் லாட்டரி என்ற சொல்லைக் கேட்டாலும் மனசுக்குள் பாஸ், ஃபெயில் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். "எதுனாலும் சரிம்மா" என்ற பதிலுக்குள் தோழியைப் பற்றிய சங்கடம் பாதி இருக்கும் என்பது என் ஊகம்.

மேக்னட் என்பது என்ன என்பதிலும் நம் குடும்பங்களில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஏதோ அறிவாளிப் பிள்ளைகளுக்காகவே கட்டிய தனிப் பள்ளி என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பள்ளிகள் பிறந்த காரணமே வேறு. 1960களின் இறுதியில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படித்த நிலையை மாற்றவேண்டிய கட்டாயம் வந்தது. பஸ்ஸில் ஏற்றிக் கட்டாயமாக மாற்றினால் பெற்றோர் கொதித்தார்கள். கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் பகுதியில் உள்ள பள்ளியில் ஒரு சிறப்புப் பாடத்திட்டத்தை வைத்தால் மற்றவர்கள் தாங்களாகவே தேடி வருவார்கள் என்பது யோசனை. 1968இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் மெக்கார்வர் தொடக்கப்பள்ளியில் இப்படி ஆரம்பித்ததைத்தான் முதல் மேக்னட் என்பார்கள். அடுத்த ஆண்டு பாஸ்டனில் ட்ராட்டர் பள்ளி. 1970களில் பல நகரங்களுக்குப் பரவியது. உங்கள் கவுன்டியில் சில்வர் ஸ்பிரிங்கிலுள்ள மான்ட்கோமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியின் புகழ்பெற்ற மேக்னட் 1985இல் தொடங்கியது.

இந்தப் பழங்கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. மேக்னட் என்பது ஒரு சாதாரணப் பகுதிப் பள்ளிக்குள் இருக்கும் ஒரு திட்டம்தான். கிளெமென்டேயில் அந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களோடு வெளியிலிருந்து வரும் மேக்னட் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மேக்னட் பாடங்கள் மூன்றில் உங்கள் மகள் தன் குழுவோடு இருப்பாள். உடற்பயிற்சி, இசை, மதியச் சாப்பாடு என்று மற்ற நேரத்தில் எல்லோரோடும் கலந்து இருப்பாள். எனக்கு இது நல்ல விஷயமாகவே படுகிறது. சில அப்பா அம்மாக்களுக்கு அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் இது தெரிகிறது, உடனே முகம் மாறுகிறது. அப்படிப்பட்ட முகமாற்றம் உங்கள் வீட்டில் வருமா என்று இப்போதே பேசிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிள்ளை அதைக் கவனிக்கும்.

சரி, போனால் என்ன லாபம்? இதில் ஊகத்துக்கு வேலையில்லை, ஆய்வுகள் இருக்கின்றன. உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது பூய், கிரேக், இம்பர்மன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் செய்து 2014இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் ஒரு பெரிய நகரக் கல்வி மாவட்டம். அங்கே திறமைசாலிப் பிள்ளைகளுக்கான மேக்னட் திட்டம் உள்ள இரண்டு மிடில் ஸ்கூல்களில் இடத்துக்குப் போட்டி அதிகம், அதனால் லாட்டரி. லாட்டரியில் வந்தவர்களையும் வராதவர்களையும் ஏழாம் வகுப்பில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு சாராரும் ஒரே தரம், அதிர்ஷ்டம் மட்டுமே வேறு என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு அதிகம். மேக்னட் போனவர்களுக்குக் கிடைத்த வகுப்புத் தோழர்கள் படிப்பில் மிக உயர்ந்தவர்கள். இருந்தும் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண்ணில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அறிவியலில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. இன்னொன்றும் கவனித்தார்கள்: மேக்னட் போன பிள்ளைகளின் வகுப்பு கிரேடும் வகுப்புக்குள் அவர்களுடைய இடமும் இறங்கின.

அதே 2014இல் அப்துல்காதிரோக்லு, ஆங்கிரிஸ்ட், பதக் ஆகியோர் பாஸ்டன், நியூயார்க் நுழைவுத்தேர்வுப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் இதே மாதிரிதான். கட்-ஆஃபுக்கு ஒரு மயிரிழை மேலே இருந்து உள்ளே போனவர்களையும், ஒரு மயிரிழை கீழே இருந்து வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்பாடு தேர்வு மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு ஒன்றுமில்லை. நல்ல பள்ளியிலிருந்து நல்ல பிள்ளைகள் வெளிவருவதைப் பார்த்துவிட்டுப் பள்ளிதான் அவர்களை நல்லவர்களாக்கியது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். உள்ளே போகும்போதே அவர்கள் அப்படித்தான் போகிறார்கள்.

இதனால் மேக்னட் வீண் என்று நான் சொல்லவரவில்லை. மதிப்பெண்ணில் தெரியாத ஒன்று அங்கே உண்டு. தனக்குப் பிடித்த விஷயத்தைப் பைத்தியமாகப் பேசும் இன்னும் பத்துப் பிள்ளைகளை ஒரே அறையில் சந்திப்பது சில குழந்தைகளுக்கு வாழ்க்கையையே மாற்றிவிடும். முக்கியமாக, இருக்கிற பள்ளியில் தனி ஆளாக உணரும் குழந்தைக்கு. மேக்னட்டின் உண்மையான லாபம் இந்தக் கூட்டாளிகள்தான், பாடத்திட்டம் அதற்கு அடுத்தபடி. அப்படியானால் உங்கள் பகுதிப் பள்ளியில் அந்தக் கூட்டாளிகள் இருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இந்தக் கேள்வியை உங்கள் கல்வி மாவட்டமே ஒரு சமயம் கேட்டது. 2018 வாக்கில் மிடில் ஸ்கூல் மேக்னட் தேர்வு முறையை மாற்றியபோது, ஒரு பிள்ளைக்குத் தன் பகுதிப் பள்ளியிலேயே அதே தரத்தில் போதிய துணை இருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இருந்தால் அங்கேயே படிக்கட்டும், மேக்னட் இடம் துணையில்லாத பிள்ளைக்குப் போகட்டும் என்ற எண்ணம். ஆசிய அமெரிக்கக் குடும்பங்கள் பல கொதித்துப்போனார்கள். அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில்தான் அப்படிப்பட்ட துணை நிறைய இருந்தது. 2020இல் ஒரு பெற்றோர் அமைப்பு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது, 2022இல் வழக்கு தள்ளுபடியானது. அதன் நியாய அநியாயத்தைப் பற்றி நம் ஆட்கள் சனிக்கிழமை விருந்துகளில் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் இறங்க விருப்பமில்லை. ஆனால் ஒரு தாயாக நீங்கள் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கிறீர்கள். பெற்றோரில் பாதிப்பேர் ஐடியிலும் ஆய்வகங்களிலும் வேலை பார்க்கும் தெருக்கள். காம்பாக்டட் மேத் வகுப்பில் உங்கள் மகளோடு எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பகுதிப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வகுப்பறை நிறையும் அளவுக்கு இருந்தால், "பகுதிப் பள்ளிக்குப் போனால் தனியாகிவிடுவாள்" என்ற பயத்தை விட்டுவிடலாம்.

அடுத்தது பாடம். மேக்னட் இல்லாவிட்டால் எல்லோரோடும் சேர்த்து ஒரே பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அப்படியில்லை. ஐந்தாம் வகுப்பில் காம்பாக்டட் மேத் முடித்த பிள்ளைக்குப் பகுதிப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் ஏஐஎம் என்ற வேகமான கணக்கு வகுப்பு உண்டு. அந்தப் பாதையில் போனால் ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா வந்துவிடும். மேரிலாந்து மாநிலக் கல்வி வாரியம் 2025இல் கணக்குப் பாடக் கொள்கையை மாற்றியிருப்பதால் வகுப்புகளின் பெயரும் வரிசையும் போகப்போக மாறும், வேகமான பாதை எது என்று கேட்டால் போதும். சமூக அறிவியலுக்கு ஹை என்று சுருக்கமாகச் சொல்லும் உலக வரலாற்று ஆய்வு வகுப்பு இருக்கிறது. நிறையப் படித்து, நிறைய எழுதி, வாதம் செய்யவைக்கும் வகுப்பு அது. டெஸ்க்குக்கு அடியில் கதை படிக்கும் பெண்ணுக்கு அது பிடித்துப்போக வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பகுதிப் பள்ளியின் ஆறாம் வகுப்புக் கவுன்சிலருக்கு (மாணவர் ஆலோசகர்) இந்த வாரமே மெயில் போடுங்கள். மகளுக்கு இந்த இரண்டு வகுப்பும் உறுதியா என்று கேளுங்கள்; "பொதுவாக உண்டு" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள், அவள் பெயருக்கு உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மிடில் ஸ்கூலில் படிக்கும் அல்ஜீப்ராவின் கிரேடு உயர்நிலைப் பள்ளிச் சான்றில் எப்படிப் பதிவாகும் என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். மேத்கவுண்ட்ஸ் என்ற கணக்குப் போட்டிக்கான கிளப் இருக்கிறதா, கதை எழுதும் கிளப், ஓவியம், இயர்புக் ஏதாவது உண்டா என்றும் விசாரியுங்கள். மேத்கவுண்ட்ஸ் போட்டிக்கு மேக்னட்டில் படிக்கவேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை யாரும் கலந்துகொள்ளலாம், சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர் மனசு வைத்தால் போதும். உங்கள் கணவருக்கு இருக்கிற ஆர்வத்தைப் பார்த்தால் அந்தப் பெரியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

பகுதிப் பள்ளியில் நிரப்ப முடியாத இடம் ஒன்று உண்டு, அது அறிவியல். கணக்குக்கு வேகமான வகுப்பு இருப்பதுபோல மிடில் ஸ்கூலில் அறிவியலுக்குத் தனி வகுப்பு பொதுவாகக் கிடையாது, எல்லோருக்கும் ஒரே வகுப்புதான். கம்ப்யூட்டர் விருப்பப்பாடமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கிளெமென்டே மேக்னட்டில் இவை இரண்டும் தினசரி உணவு மாதிரி. மேலே சொன்ன ஆய்விலும் அறிவியலில்தான் முன்னேற்றம் தெரிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் காமிக்ஸ் இருக்கிறது, கதைப் புத்தகம் இருக்கிறது, தோழி இருக்கிறாள், கணக்கு சுலபமாக வருகிறது என்று இருக்கிறது. அறிவியல் பற்றி ஒரு வரி இல்லை. பூச்சி பிடித்து வைத்துக்கொண்டு பார்ப்பாள், எதையாவது கழற்றிப் போடுவாள், ஸ்கிராட்ச் என்ற குழந்தைகளுக்கான கோடிங் தளத்தில் கேம் செய்வாள், ஏன் எதற்கு என்று உயிரை வாங்குவாள் என்று எதுவும் இல்லை. நீங்கள் எழுத மறந்திருக்கலாம். எழுத எதுவும் இல்லாமலும் இருக்கலாம். என்னைப் பொறுத்தவரை உங்கள் முடிவு இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

கணக்கு சுலபமாக வருகிற பிள்ளைக்குக் கணக்கில் ஆசை இருக்கவேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், பிள்ளை நன்றாகச் செய்வதையே அதன் விருப்பம் என்று எழுதிவைத்துவிடுகிறோம். இதே கவுன்டியில் மனிதவியலுக்கும் (ஹியூமானிட்டீஸ்) மேக்னட் இருக்கிறது. தெற்குப் பகுதிக்கு ஈஸ்டர்ன் மிடில் ஸ்கூலில், உங்கள் வடக்குப் பகுதிக்கு மார்ட்டின் லூதர் கிங் மிடில் ஸ்கூலில். எழுத்து, பேச்சு, ஊடகம் என்று போகும் திட்டம். நம் ஆட்கள் அதைப் பற்றி விசாரிப்பதே குறைவு. கணக்கு மேக்னட் என்றால் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து மழை, மனிதவியல் மேக்னட் என்றால் "அப்படியா, நல்லது" என்று ஒரு கைகூப்பு. உங்கள் மகளுக்கு அந்தத் தொகுப்பில் பெயர் இருந்து காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாளா என்று கடிதத்தை இன்னொரு முறை பாருங்கள். இருந்தால் கதை வேறு.

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பலம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஏற்றுக்கொண்ட சீட்டை விட்டுவிட்டுப் பகுதிப் பள்ளிக்குத் திரும்பலாம், அங்கே அவளுக்கு எப்போதும் இடம் உண்டு. வேண்டாம் என்று சொன்ன சீட்டு திரும்ப வராது. வந்தாலும் அதை நம்பியிருக்க முடியாது. ஆக, காகிதத்தில் பார்த்தால் ஏற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி கல்வியாண்டின் நடுவில், ஜனவரியில், பகுதிப் பள்ளிக்குத் திரும்பி வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். அதற்குள் மதியச் சாப்பாட்டு மேசைகளில் யார் யாரோடு உட்கார்வது என்பது முடிவாகியிருக்கும். "ஏன் திரும்பி வந்தே, கஷ்டமா இருந்துச்சா?" என்று ஒவ்வொருத்தரும் கேட்பார்கள். பள்ளிக் கவுன்சிலராக நான் பார்த்தவரை, படிப்பு ஒத்துவராமல் திரும்பிய பிள்ளைகளைவிட, திரும்ப வேண்டியிருந்தும் அந்தக் கேள்விக்குப் பயந்து மூன்று வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்ட பிள்ளைகள் அதிகம். திரும்பும் வழி இருக்கிறது என்பது உண்மை, அதற்கான விலையைக் கொடுப்பது மட்டும் அப்பா அல்ல.

அப்புறம் கிரேடு இறங்கும் விஷயம். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களிலிருந்தே இதை எழுதிவருகிறார்: ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், சராசரி உயர்ந்த பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் படிப்பில் தன்னைப் பற்றிய மதிப்பு குறைந்துவிடுகிறது. இதுவரை வகுப்பில் முதலில் முடித்துவிட்டுக் கதை படித்தவள், அங்கே நடுவில் இருப்பாள். சில பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி, அப்பாடா, நானும் யோசித்துத்தான் ஆகவேண்டும் என்று. சில பிள்ளைகள் அதை "நான் கெட்டிக்காரி இல்லை போலிருக்கு" என்று படித்துக்கொள்கிறார்கள். உங்கள் மகள் ஒரு புதிரில் தோற்றால் என்ன செய்வாள்? மறுபடி உட்காருவாளா, பேப்பரைத் தள்ளிவிடுவாளா? இதை உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை.

நாள் எப்படி ஓடும் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். மிடில் ஸ்கூல் மணி 8.15க்கு அடிக்கும். நடந்து போகும் பள்ளிக்கு ஏழு மணிக்கு எழுந்தால் போதும். பொது நிறுத்தத்தில் பஸ் பிடிக்க வேண்டுமானால் ஆறேகாலுக்கு எழவேண்டியிருக்கும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்ன அளவுப்படி 6 முதல் 12 வயதுவரை தினம் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறேகாலுக்கு எழுபவள் ஒன்பதேகாலுக்காவது தூங்கவேண்டும். அதற்குள் பஸ்ஸில் திரும்பி வந்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து, வரைவதற்கும் நேரம் வேண்டும். பரதநாட்டியம், பாட்டு, வார இறுதித் தமிழ்ப் பள்ளி என்று வேறென்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேக்னட் போனால் அவற்றில் ஒன்றை விடவேண்டிவரும், வழக்கமாக முதலில் போவது காமிக்ஸ் மாதிரி யாரும் ஃபீஸ் கட்டாத விஷயம்தான்.

உங்கள் ஷிஃப்ட் ஏழு மணி. அதனால் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டுவது கணவரின் வேலை, இதில் பேச்சுக்கே இடமில்லை. மகனைக் கிளப்புவதும் அவர் பொறுப்பாகிறது. மழை, பனி, பஸ் தாமதம், ஆபீஸ் மீட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று வருஷம். "கிடைச்சதை விடக்கூடாது" என்பவர் இதைச் செய்யத் தயாரா என்று சண்டையில்லாமல் கேளுங்கள். தயார் என்றால் அவர் வாதத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போடலாம். வேலை முழுக்க உங்கள் தலையில் விழப்போகிறது என்றால், உங்கள் சோர்வும் இந்தக் கணக்கில் ஒரு நியாயமான எண்தான். வெட்கப்படாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயர்நிலைப் பள்ளியைப் பற்றி உங்கள் கடிதம் நேராகக் கேட்கவில்லை, ஆனால் "எதிர்காலம்" என்று பயப்படும்போது அதுதான் உள்ளே ஓடுகிறது. மிடில் ஸ்கூலில் மேக்னட் படித்தால்தான் பூல்ஸ்வில் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் மேக்னட் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி நிபந்தனை கிடையாது. எட்டாம் வகுப்பில் அது தனித் தேர்வு, பகுதிப் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். அதோடு, 2025இல் உங்கள் மாவட்டம் உயர்நிலைப் பள்ளிச் சிறப்புத் திட்டங்களை ஆறு மண்டலங்களாகப் பிரித்து அமைக்கும் யோசனையை முன்வைத்தது. உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது இன்றைய வரைபடம் அப்படியே இருக்கும் என்று நினைத்துத் திட்டம்போடுவதில் பொருளில்லை.

மகளிடம் எப்படிக் கேட்பது? "எந்த ஸ்கூல் வேணும்?" என்று கேட்டால் மறுபடியும் அதே பதில்தான் வரும், ஏனென்றால் எந்தப் பதில் சொன்னாலும் வீட்டில் யாரோ ஒருவர் வருத்தப்படுவார் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் ஒரே பக்கம் இருக்கிறார்கள் என்று முதலில் அவளுக்குக் காட்டுங்கள். பிறகு சின்னச் சின்னதாகக் கேளுங்கள். இந்த வருஷம் வகுப்பில் செய்ததில் எது முடியக்கூடாது என்று இருந்தது? ஒரு நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் கோட் எழுதச்சொன்னால் எப்படி இருக்கும்? தோழிக்கும் சீட்டு வந்திருந்தால் போயிருப்பாயா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். "கண்டிப்பா போயிருப்பேன்" என்றால் அவளுக்குத் திட்டத்தில் ஆசை இருக்கிறது, தடுப்பது தோழி மட்டும்தான். அந்தத் தடையைத் தாண்ட நீங்கள் உதவலாம். வார இறுதிகள் இருக்கின்றன, ஒரே பகுதியில் இருப்பவர்கள் நட்பை மூன்று வருஷம் காப்பாற்றிக்கொள்வார்கள். தோள் குலுக்கினால் வேறு பதில் கிடைத்துவிட்டது. முடிந்தால் மேக்னட் குடும்பங்களுக்கான அறிமுகக் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிப்போய், திரும்பும்போது காரில் நீங்கள் பேசாமல் வாருங்கள். அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று பாருங்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், பகுதிப் பள்ளி. வேகமான கணக்கு வகுப்பும் வரலாற்று வகுப்பும் எழுத்தில் உறுதியானால், அவளோடு காம்பாக்டட் மேத் படிக்கும் கூட்டம் அங்கே வருகிறது என்றால், அந்தப் பெண்ணுக்கு அது குறைந்த பள்ளியே அல்ல. காலை நடையும், வரைவதற்கு ஒரு மணி நேரமும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் கவுன்சிலர் மழுப்பினால், அல்லது அறிவியல், கோடிங் பற்றிக் கேட்டபோது அவள் கண் விரிந்தால், சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பஸ் நிறுத்தமும் ஆறேகால் மணியும் சமாளிக்கக்கூடிய தொல்லைகள்தான். "பின்னால் அவளே கேட்பாளோ" என்ற பயத்துக்கு இரண்டு பள்ளியிலும் மருந்து கிடையாது. எங்கே போட்டாலும் பிள்ளைகள் பதினாறு வயதில் ஏதாவது கேட்கத்தான் செய்வார்கள். ஏன் இப்படி முடிவு செய்தோம் என்று அவளுக்கு இப்போதே புரியும்படி சொல்லிவைத்தால் உங்களுக்குப் பதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

மாமியாரிடம், "சீட்டு கிடைச்சது குலுக்கல்ல, பேத்தி ரெண்டு ஸ்கூலுக்கும் தகுதியானவ" என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஒரு நடைமுறை விஷயம். வேண்டாம் என்று முடிவானால் கடைசி நாள்வரை இழுக்காமல் உடனே மாவட்டத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பதில் சொல்லாமல் விட்டுவிடும் குடும்பங்களால் காத்திருப்போர் பட்டியல் நகராமல் கிடக்கிறது, அடுத்த குழந்தையின் வீட்டுக்கு அந்தக் கடிதம் கோடை விடுமுறை தொடங்கிய பிறகு போய்ச் சேருகிறது.